பொறாமை நெருங்கியோரிடமே பிறப்பது ஏன்?

பொறாமை தீயது என்பதை நம் மிம்பர்கள் சொல்லி ஓய்ந்ததில்லை. அஃது ஏன் பிறக்கிறது என வினவுவோர்தாம் குறைவு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் வினவினார்கள். இஹ்யா உலூமித்தீனின் நாற்பது பகுதிகளுள் ஒன்றைக் கோபம், வன்மம், பொறாமை ஆகியவற்றுக்கென ஒதுக்கிய அவர்கள், அங்கே எளியதொரு செய்தியைச் சுட்டுகிறார்கள். செருப்புத் தைப்பவனின் பொறாமை செருப்புத் தைப்பவன் மீதே பாயும். துணி வணிகன் மீதன்று. ஆலிமின் பொறாமையும் ஆலிம் மீதே செல்லும்.

நெருக்கமே அதன் விளைநிலம். நபி யூசுஃப் (அலை) அவர்களைக் கிணற்றில் இட்டவர்கள் அயலாரல்லர். ஒரே தந்தையின் மக்கள். கனவைச் சகோதரரிடம் கூறவேண்டாமென நபி யஃகூப் (அலை) அவர்கள் மகனை முன்னரே தடுத்ததைத் திருமறையின் 12ஆம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. அச்சகோதரர்கள் விரும்பியதுதான் யாது? தந்தையின் அன்பு. அவ்விருப்பத்தில் குற்றமில்லை, பயான் செய்வோர் பலர் இதனைக் கவனியாமலே கடந்து விடுகின்றனர். அன்பைப் பாகம் பிரிக்கும் சொத்தாக அவர்கள் எண்ணினர். தம்பிக்குக் கிடைத்ததெல்லாம் தமக்குக் குறைந்ததெனக் கணக்கிட்டனர். தீமை நுழைந்த வாயில் அதுவே.

பொருள் ஒருவர் கையிலிருந்தால் மற்றவர் கை வெறுமை. மக்கள் மனத்தில் பெறும் மதிப்பும் அத்தகையதே. கல்வியோ கொடுக்கக் குறையாதது. பின் ஆலிம்களிடையே பொறாமை எங்ஙனம் வந்தது? கல்வியைக் கொண்டு அவர்கள் செல்வத்தையும் செல்வாக்கையும் நாடியதால் வந்தது என்கிறார்கள் இமாம். கரையில் நின்று சொன்ன சொல்லன்று இது. 1091இல் பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் ஆசிரியப் பதவியேற்று, 1095இல் அதனைத் துறந்து வெளியேறியவர்கள் அவர்கள். தாம் பாடம் நடத்தியது புகழை நாடியே என்று பிற்காலத்தில் தாமே எழுதியும் வைத்தார்கள்.

ஓர் உஸ்தாதின் பாடத்திற்கு மாணவர் திரண்டால், அடுத்த அறை உஸ்தாதின் முகம் சற்றே மாறும். மதரஸாவில் பழகியோர் அறிந்த காட்சிதான். அவரைத் தீயவரெனச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாணவர் நெஞ்சில் இடம் வேண்டுமென்பது ஆசிரியனின் இயல்பான தாகம். பிறரிடமுள்ள நலன் நீங்கவேண்டுமென அவாவுவது ஹஸது. அவரிடம் அஃது இருக்கவே, தமக்கும் வேண்டுமென விழைவது கிப்தா. முன்னது விலக்கப்பட்டது, பின்னது அவ்வாறன்று. எனினும் நெஞ்சில் எழும் முதல் உறுத்தல் இரண்டிற்கும் ஒன்றுபோலவே இருக்கிறது. அதனை எவரும் தேர்ந்து வரவழைப்பதில்லை.

முகம் மாறிய அந்த உஸ்தாது மறுநாள் ஒரு மாணவனை அருகழைத்து, அடுத்த அறையில் நேற்று நடந்த பாடத்தைப் பற்றி விசாரிக்கிறார். அதன் தெளிவைக் கேட்டறிகிறாரா, பிழைகளைக் கேட்டறிகிறாரா என்பதில்தான் ஹஸதும் கிப்தாவும் பிரிகின்றன.