சூரைச்செடியின் கீழே



"பாஸ்டர், ஜெபிக்க உட்கார்ந்தா மனசு நிக்கமாட்டேங்குது. நேத்து வாசிச்ச வசனம் இன்னைக்கு ஞாபகத்தில இல்லை. நான் பின்வாங்கிப் போயிட்டேனா?" என்று கேட்கிறவர்கள் நம் மத்தியில் அநேகர். எல்லாவற்றுக்கும் பிசாசின்மேல் பழியைப் போடுமுன்னே, கர்த்தர் உண்டாக்கின இந்தச் சரீரத்தைக் கொஞ்சம் கவனிப்போம்.

இரண்டு சிறுநீரகங்களின்மேலும் தொப்பி வைத்ததுபோல ஒவ்வொரு சின்னச் சுரப்பி உண்டு. ஆபத்து வந்தால் மூளை அதற்குச் செய்தி அனுப்பும். உடனே அட்ரினலின் பாயும், இருதயம் படபடக்கும். சில நிமிஷம் பொறுத்து கார்ட்டிசால் ஏறும். (வேதத்தில் 'உள்ளிந்திரியங்கள்' என்று வருகிற பல இடங்களில் எபிரெயுவில் சிறுநீரகம் என்கிற வார்த்தைதான் இருக்கிறது. இதை வைத்து உபதேசம் கட்டவேண்டாம். எனக்கு ஆச்சரியம், அவ்வளவுதான்.)

இது நன்மைக்குத்தான். நாய் துரத்தினால் ஓடவேண்டுமே! ஆபத்து போனதும் மூளையே "போதும்" என்று நிறுத்திவிடும். ஆனால் கடன் பயம், குடிகாரப் புருஷன், மகளின் கல்யாணக் கவலை, இதெல்லாம் மாதக்கணக்கில் ஓயாதே? அப்போது கார்ட்டிசால் இறங்கவேண்டிய ராத்திரியிலும் இறங்காமல் போகலாம், தூக்கம் போய்விடும். ஞாபகத்தைக் காக்கிற ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி அதிகமாய் அடிபடும். எலிகளின் மூளையில் இவ்வகை ஹார்மோன் போய்ப் பற்றிக்கொள்ளுகிற இடம் அதுவே என்று புரூஸ் மெக்வென் என்ற விஞ்ஞானி 1968-ல் கண்டார். "போதும்" என்று சொல்லுகிற பகுதிகளில் அதுவும் ஒன்று. பிரேக்கே தேய்ந்துபோனால் வண்டி எப்படி நிற்கும்? கட்டியினால் கார்ட்டிசால் மிதமிஞ்சிச் சுரக்கிற குஷிங் வியாதிக்காரரில் அநேகருக்கு மனச்சோர்வு வருகிறது. சிகிச்சைக்குப் பின் சுருங்கின அந்தப் பகுதி ஓரளவு திரும்ப வளர்ந்ததை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். அல்லேலூயா!

எலியாவைப் பாருங்கள். கர்மேலில் அக்கினி இறங்கப்பண்ணினவர், சீக்கிரத்திலேயே சூரைச்செடியின் கீழே சாவைக் கேட்கிறார். தூதன் வந்து "உன் விசுவாசம் எங்கே?" என்றானா? இல்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் காட்டினான். மறுபடியும் தூங்கவிட்டான். மறுபடியும் சாப்பாடு. கேள்வி ஓரேபுக்குப் போனபிறகுதான்.

ஆகையால் சாக நினைக்கிற சகோதரனைச் சுற்றி நின்று அதட்டாதிருங்கள். ஜெபியுங்கள், சாப்பிடக் கொடுங்கள், தனியே விடாமல் தாமதமின்றி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். உபவாசக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் மனநல மாத்திரையையோ ஸ்டீராய்டு மாத்திரையையோ நிறுத்திவிட்டு வரவேண்டாம். நெடுநாள் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று விட்டால் அந்தச் சுரப்பி உடனே விழித்துக்கொள்ளாது, உயிருக்கே ஆபத்து. மாத்திரைக்கு வேண்டிய ஆகாரத்தைச் சாப்பிட்டுவிட்டே வாருங்கள்.