தடை கேட்பவரே விலை கொடுக்கட்டும்

தோற்றவர் கையில் பணம். வென்றவர் கையில் தீர்ப்பு நகல். நடுவர் (ஆர்பிட்ரேஷன்) தீர்ப்புகளுக்கு வாங்கப்படும் தடையாணைகளின் சாரம் இவ்வளவுதான். இதைச் சட்ட நுணுக்கம் என்று வக்கீல்களிடம் விட்டுவிடுகிறோம். இது நியாயம் பற்றிய கேள்வி. நாம் எல்லோரும் கேட்க வேண்டியது.

1996ஆம் ஆண்டு நடுவர் சட்டம் முதலில் இருந்தபடி, 34ஆவது பிரிவில் தீர்ப்பை எதிர்த்து ஒரு மனு போட்டாலே அது தானாக முடங்கிவிட்டது. தடை தேவையா என்று எந்த நீதிபதியும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. 2003இல் உச்ச நீதிமன்றமே இது தவறு, சட்டத்தைத் திருத்துங்கள் என்றது. திருத்தம் வர 2015 ஆனது. 2019இல் நாடாளுமன்றம் 87ஆவது பிரிவைச் சேர்த்து, பழைய வழக்குகளுக்குத் தானியங்கித் தடையை மீண்டும் கொண்டுவந்தது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது.

அந்தப் பிரிவை எதிர்த்து வழக்குத் தொடுத்த இந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்‌ஷன் நிறுவனத்தின் முறையீட்டைக் கவனியுங்கள். அரசு அமைப்புகள் தர வேண்டிய தொகை தடையில் கிடக்கிறது. தனக்குப் பொருள் கொடுத்தவர்களோ பாக்கிக்காகத் திவால் சட்டத்தின் கீழ் தன்மீதே பாயலாம். வாங்க வேண்டிய இடத்தில் காத்திருக்க வேண்டும், கொடுக்க வேண்டிய இடத்தில் காத்திருக்கக் கூடாது என்றால் அது எந்த ஊர் நியாயம்?

தீர்ப்பே தவறாக இருந்தால்? நியாயமான கேள்வி. டெல்லி மெட்ரோ வழக்கில் 2017இல் வந்த நடுவர் தீர்ப்பை 2024இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. எனவே தடையே கூடாது என்று நான் சொல்லவில்லை. காத்திருப்பின் செலவை, காத்திருக்கச் சொல்பவரே ஏற்கட்டும் என்கிறேன். தொகையை நீதிமன்றத்தில் கட்டட்டும்; வென்றவர் பேங்க் கியாரண்டி கொடுத்து எடுத்துக்கொள்ளட்டும். தீர்ப்பு கவிழ்ந்தால் பணம் திரும்பிவிடும். சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம், 75 சதவீதம் கட்டாத எதிர்மனுவை ஏற்பதே இல்லை. அங்கே முடிவது மற்ற இடங்களில் ஏன் முடியாது?

"வட்டிதான் ஏறுகிறதே" என்பார்கள். மேஸ்திரிக்குக் கூலி சனிக்கிழமை தர வேண்டும். எட்டு வருடம் கழித்து வரும் வட்டி அந்தச் சனிக்கிழமைக்கு உதவாது. அந்த வட்டியைத் தருவதும் யார்? அரசுத் துறை தோற்றால் மக்கள்தான். 10 கோடி ரூபாய்க்கு 10 சதவீதம் என்றால் நாளொன்றுக்குச் சுமார் 27,000 ரூபாய். ஏன் பணத்தைக் கட்டினாய் என்று தணிக்கை கேட்குமோ என அதிகாரி அஞ்சுகிறார். ஏன் கட்டவில்லை என்று கேட்க ஆளில்லை. அதனால் வெல்ல முடியாது என்று தெரிந்த வழக்கும் மேலே போகிறது.

அரசு என்பதால் தனிச் சலுகை இல்லை என்று 2019இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இனி மேல்முறையீட்டுக் கோப்பு ஒவ்வொன்றிலும் மூன்று வரிகள் இருக்கட்டும்: எந்தக் காரணத்தால் வெல்வோம், தினசரி வட்டி எவ்வளவு, முடிவெடுத்தவர் யார். கையெழுத்துப் போடத் தயங்கும் அதிகாரி, தடை கேட்கவும் தயங்கட்டும்.