வாசிக்கத் தக்கவை

'லெஜண்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் 'கட்டுக்கதை' எனப் பெயர்த்துவிட்டு நாம் எளிதில் அமைதி கொள்கிறோம். அதன் இலத்தீன் மூலமான 'லெகெந்தா'வோ 'வாசிக்கப்பட வேண்டியவை' என்றே பொருள்படும். புனிதரின் திருநாளில் படிக்கப்பட்ட வாழ்க்கை வரலாற்றுக்கே அப்பெயர் வழங்கிற்று. 13ஆம் நூற்றாண்டில் சாமிநாதர் சபைத் துறவி வொராஜினே யாக்கோபு தொகுத்த 'லெகெந்தா அவுரேயா' அத்தகைய நூலே. பொய் என்னும் சாயல் பின்னாளில் படிந்தது.

நம் பகுதியிலும் இத்தகைய வரலாறுகள் உண்டு. கல்லோடு பிணித்துக் கடலில் எறியப்பட்ட அப்பர் கரை சேர்ந்ததாகச் சொல்லப்படும் இடம் கடலூரில் கரையேறவிட்டகுப்பம் என்றே வழங்குகிறது. சிதம்பரத்திலோ நந்தனார். சுந்தரரின் திருத்தொண்டத் தொகையில் அவர் ஒரு பெயர் மட்டுமே. 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழாரிடம் அவர் தீயில் மூழ்கித் தில்லை புகும் அடியார். 19ஆம் நூற்றாண்டுக் கோபாலகிருஷ்ண பாரதியாரிடமோ, சேக்கிழார் சொல்லாத ஒரு கொடிய பண்ணையாரிடம் விடை கேட்டு நிற்கும் பண்ணையாள். ஒவ்வொரு காலமும் தன் மனச்சான்றை உறுத்தியதைக் கதையில் சேர்த்தது.

1916இல் அதே சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். நந்தனாரிடம் தீயைக் கேட்ட ஊரில், அவர் மரபினர் கையில் ஏட்டைத் தந்தார். கதையைச் சரியாக வாசித்தவர் அவரே எனலாம்.

நந்தனார் தீயில் இறங்கியது நடந்ததா என்னும் வினா வரலாற்றாசிரியர்க்கு உரியது. அத்தீ எரிக்க வேண்டியிருந்தது அவருடைய மாசையா, வாயிலில் தடுத்தோரின் மாசையா என்பதோ நம் அனைவர்க்கும் உரிய வினா. சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் நம் பங்குகள் சிலவற்றில் இருக்கும்வரை, புனிதர் வரலாறுகளை நாம் இன்னும் வாசித்து முடிக்கவில்லை.