ஆள் குறைந்த ஆட்டம்

எதிர்க்கோஷ்டி ஆள் குறைந்து வந்து நிற்கிறது. நம் கோஷ்டியோ நிறைவாக நிற்கிறது. இந்தச் சந்தர்ப்பத்தில் நாம் செய்யத்தக்கது யாது? கடைக்காரனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளியுள்ள திடலுக்கு நான்கு பெட்டி தண்ணீர்ப் போத்தலும் ஐஸும் கொண்டுபோய் இறக்கிய இடத்தில் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

அன்று அங்கே 12 வயதுக்குட்பட்ட சிறுமியரின் கால்பந்தாட்டம். அந்த வயதில் பல இடங்களிலும் பக்கத்துக்கு 9 பேர்தான் ஆடுவார்கள், திடலும் சிறியது. ஒரு கோஷ்டியில் 9 பேரும் வந்துவிட்டார்கள். மற்றதில் 7 பேர்தான். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலாம். இன்னொரு பிள்ளை ஏன் வரவில்லை என்று யாருக்கும் தெரியவில்லை. அது சிநேக ஆட்டம், கிண்ணம் எதுவும் கிடையாது. ஆனாலும் அந்த ஏழு முகங்களையும் பார்க்க வேண்டுமே! கல்யாண வீட்டில் சோறு பற்றாமல் போனால் வீட்டுக்காரர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தன.

ஆள் குறைவது அவமானம் அன்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1970-ஆம் ஆண்டு மெக்சிகோவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில்தான் மாற்று ஆட்டக்காரரை இறக்க முதன்முதலாக அனுமதித்தார்கள். அதற்கு முந்திய உலகக் கிண்ணங்களில் ஒருவர் கால் முறிந்து வெளியேறினால் மீதிப் பத்துப் பேரும் கடைசிவரை ஆடித் தீர்க்க வேண்டியதுதான். பெரியவர்களின் 11 பேர் ஆட்டத்தில் இன்றுள்ள சட்டம், ஒரு பக்கம் 7 பேருக்குக் குறைந்தால் ஆட்டமே கிடையாது என்கிறது.

அந்தச் சட்டத்தின் விளிம்பிலேயே ஓர் ஆட்டம் நடந்தது. 2021 நவம்பர் 27 அன்று, போர்ச்சுகல் நாட்டின் முதல் வரிசைப் போட்டியில், பெலெனென்சஸ் கோஷ்டி கோவிட் தொற்றினால் 9 பேருடன் பென்ஃபிகாவை எதிர்த்து இறங்கியது. அந்த ஒன்பதில் இருவர் கோல்காவலர்கள். அவர்களில் ஒருவர் வெளியே ஓடி ஆட நேர்ந்தது. இடைவேளைக்குள் 7 கோல் வாங்கினார்கள். இடைவேளைக்குப் பின் 7 பேர்தான் வந்தார்கள். சற்று நேரத்தில் அவர்களில் ஒருவரும் ஆட முடியாமல் உட்கார்ந்துவிட, நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். பென்ஃபிகா சட்டப்படி எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஆனால் அந்த ஏழு கோல் எதை அளந்தது? எடைக்கல் இல்லாத தட்டு மேலே போனதைப் பார்த்து, மறு தட்டிலுள்ள சரக்கு கனம் என்று எந்த வியாபாரியாவது விலை சொல்வானா?

ஆகவே விட்டுக் கொடுப்பதே நல்லது என்று முடிவு கட்டிவிடலாம். நானும் அப்படித்தான் எண்ணினேன். ஒன்பது பேர் கோஷ்டியின் பயிற்சியாளர் நல்ல பெண்மணி. நிலைமையைப் பார்த்ததும் தம் பிள்ளைகளில் இருவரைச் சுட்டி, "நீங்கள் இருவரும் வெளியே உட்காருங்கள், ஏழுக்கு ஏழு ஆடலாம்" என்றார். சுற்றி நின்ற பெற்றோர் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

தட்டிக்கொண்டே அந்த இரண்டு பிள்ளைகளையும் பார்த்தேன். விடிகாலையில் எழுந்து, காலுறை மாட்டி, நேரத்துக்கு வந்த பிள்ளைகள் அவர்கள். ஒருத்தி உதட்டைக் கடித்துக்கொண்டு பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். எனக்குக் கை நின்றுவிட்டது. தர்மம் செய்தவர் பயிற்சியாளர். பணம் போனது யார் பையிலிருந்து? கூட்டு வியாபாரத்தில் பங்காளியைக் கேளாமல் அவன் முதலிலிருந்து எடுத்து நன்கொடை கொடுத்துவிட்டு, ரசீதில் தன் பெயரைப் போட்டுக்கொள்பவரை நாம் என்ன சொல்லுவோம்? அந்த அம்மையாருக்கு அப்படியொரு நினைப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கணக்கு அப்படித்தான் விழுகிறது. வராத இருவருக்காக வந்த இருவர் தண்டம் கட்டுகிறார்கள்.

நார்வே நாட்டில் குழந்தைகள் ஆட்டத்துக்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள். 4 கோல் பின்தங்கிய கோஷ்டி கூடுதலாக ஒருவரை இறக்கலாம். அங்கே ஒருவரையும் உட்கார வைக்காமல் ஒருவரைச் சேர்க்கிறார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சேர்ப்பதற்கு ஆளே இல்லாத கோஷ்டி என்ன செய்யும்?

வழி சொன்னது ஏழு பேர் கோஷ்டியின் கோல்காவலர், சுருட்டை முடிச் சிறுமி ஒருத்தி. அந்த இருவரில் ஒருத்தியைத் தங்களுக்குத் தந்தால் எட்டுக்கு எட்டு ஆகுமே, யாரும் உட்கார வேண்டாமே என்றாள். இவ்வளவு எளிய கணக்கு கல்லாப் பெட்டியிலேயே காலம் கழித்த எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்! நாம் அன்றாடம் செய்வதுதானே இது? பண்டிகைக்கு முதல் நாள் பக்கத்துக் கடையில் அரிசி தீர்ந்தால் இரண்டு மூட்டை கைமாற்றாகக் கொடுக்கிறோம். நமது கடையைப் பூட்டி வைத்து அவருக்குச் சமமாகிவிடுவதில்லை.

இதை ஜவுளி வியாபாரியான ஒரு மூத்தவரிடம் சொன்னேன். "அரிசி மூட்டை சரி, தம்பி. உன் சிப்பந்தியை எதிர்க் கடைக்கு அனுப்பி, உன் வாடிக்கைக்காரரையே இழுக்கச் சொல்வாயா?" என்று மடக்கினார். மாட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் எதிர்க் கடை மூடினால் நமது கடைக்கும் கூட்டம் குறையும் என்பது வரிசையாக ஜவுளிக் கடை வைத்திருக்கும் அவருக்குத் தெரியாததா? ஆட்டத்திலோ எதிரி இல்லாமல் ஒரு நிமிடமும் ஓடாது. இன்னொன்று: அனுப்பினால் மாட்டேன் என்பது வேறு, ஒருவர் தாமே முன்வந்து போவது வேறு. அன்று எதிர்ப்பக்கம் போவதற்கு முதலில் கை தூக்கியவள், பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த பிள்ளைதான். உட்கார்ந்திருப்பதைவிடத் தன் தோழிகளை எதிர்த்து ஆடுவதே மேல் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. கிண்ணப் போட்டியாக இருந்தால் பெயர்ப் பதிவு குறுக்கே நிற்கும். அது எனக்கும் தெரிந்ததே.

ஆட்டம் தொடங்கியது. கைமாற்றுப் பிள்ளை மனம் வைத்து ஆடுவாளா என்று சந்தேகித்தேன். பத்து நிமிடத்துக்குள், கோலை நோக்கிப் பந்தோடு பாய்ந்த தன் சொந்தத் தோழியின் காலிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்தாள். தோழி கோபமாக ஏதோ சொன்னாள், இவள் சிரித்தாள். பயிற்சியாளர் யார் பக்கம் கைதட்டுவது என்று தெரியாமல் இரண்டு கையையும் நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

முடிவு என்னவாயிற்று என்று நான் பார்க்கவில்லை. கடைக்குத் திரும்பியபோது கல்லாவின் முன் பதினைந்து பேர் நின்றார்கள். பையன் ஒருவனே பொட்டலமும் கட்டி, சில்லறையும் எண்ணிக்கொண்டிருந்தான். "முதலாளி, போத்தல் இறக்க ஒரு மணி நேரமா?" என்றான். பதில் சொல்லாமல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றேன்.