விலங்குக்கு விலை கொடுத்தார்கள்!

ஆகஸ்டு முதல் நாள், கரிபியத் தீவுகளில் விடுதலை விழா நாள். 1834-ஆம் ஆண்டு அந்த நாளில்தான் ஆங்கிலப் பேரரசின் அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ எட்டு இலட்சம் மக்கள் இனி எவருக்கும் உடைமையல்லர் என்று அது அறிவித்தது. அந்த விழாவை நாம் வாழ்த்துகிறோம். வாழ்த்தும் வாயாலேயே ஒரு வினாவையும் எழுப்புகிறோம்: அநீதியை நிறுத்திவிட்டால் நீதி பிறந்துவிடுமா?

அச்சட்டத்தின் ஏட்டைப் புரட்டுவோம். அதில் இழப்பீடு உண்டு; இரண்டு கோடி பவுன்! யாருக்கு? கரும்புத் தோட்டத்திலே சாட்டையடி பட்டவனுக்கா? பெற்ற பிள்ளையை ஏலத்திலே இழந்த தாய்க்கா? இல்லை! அவர்களை உடைமையாக வைத்திருந்த சீமான்களுக்கு! உழைத்தவனுக்கு ஒரு காசும் இல்லை. அதுமட்டுமா? 'பயிற்சிக் காலம்' என்று அழகாகப் பெயர் சூட்டி, வாரத்திற்கு 45 மணி நேரம் பழைய எசமானனிடமே கூலியின்றி உழைக்கச் செய்தனர். 1838 வரை நீடித்தது இக்கொடுமை. வாழ்நாளெல்லாம் கரும்பு வெட்டியவனுக்குக் கரும்பு வெட்டப் பயிற்சியாம்!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! பொருளை இழந்தவனுக்குத்தான் இழப்பீடு. எசமானனுக்கு இழப்பீடு தந்த சட்டம், மனிதனை விடுவித்த அதே நொடியில், அவன் பொருளாயிருந்தது முறையே என்று ஒப்புக்கொண்டது. விலங்கு உடைந்தது, விலங்கைப் பூட்டிய எண்ணம் உடையவில்லை.

மேலோர் மனமிரங்கி ஈந்த கொடையே விடுதலை என்பாரும் உளர். 1831-ஆம் ஆண்டின் இறுதியில், ஜமைக்காவில் பல்லாயிரம் அடிமைகள் கூலியின்றி உழைக்க மறுத்துக் கிளர்ந்தெழுந்தனர். தலைமை தாங்கிய சாமுவேல் ஷார்ப் 1832-இல் தூக்கிலிடப்பட்டார். அடுத்த ஆண்டே சட்டம் நிறைவேறியது. கொடையா அது? உயிர் கொடுத்துப் பெற்ற உரிமை!

"பாட்டன் செய்த பிழைக்குப் பேரன் பொறுப்பா?" என்று கேட்பர். இழப்பீட்டுக்காக வாங்கிய கடனின் கடைசிப் பாக்கியை ஆங்கில அரசு தீர்த்தது 2015-ஆம் ஆண்டில்! அந்நாட்டில் குடியேறி வாழும் அடிமைகளின் வழித்தோன்றல்களும் வரி செலுத்தினர். தம் முன்னோரை விலைக்கு வாங்கியோர் பெற்ற பணத்தின் கடனை அடைத்தனர். கடன் தலைமுறை தாண்டுமாம். கடமை மட்டும் தாண்டாதாம்!

இக்கதை கடலுக்கு அப்பால் முடிவதன்று. கம்பெனி ஆண்ட நம் நாட்டுப் பகுதிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று விலக்களித்தனர். 1843-இல் வந்த தனிச்சட்டம், அடிமை மீது உரிமை கோரும் வழக்கை நீதிமன்றம் ஏற்காது என்றது. ஆயினும் பண்ணையாளின் கைக்கு நிலம் வரவில்லை. கடன் என்னும் கயிறு கழுத்தில் கிடந்தது. இல்லையேல், 133 ஆண்டுகள் கழித்து, 1976-இல், கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் ஏன் தேவைப்பட்டது?

ஆகவே, விடுதலை நாளைக் கொண்டாடும்போதெல்லாம் கணக்குக் கேட்போம். விடுபட்டவன் கையில் என்ன கிடைத்தது? நிற்க நிலம் உண்டா? கற்கப் பள்ளி உண்டா? உழைப்புக்கேற்ற கூலி உண்டா? சட்டம் விலங்கை அறுக்கும்; இவை மூன்றுமே மனிதனை நிமிர்த்தும். அவன் நிமிரும் வரையில் நம் பணி ஓயாது!