தேவையில் பிறந்த இணக்கம்

ஐதராபாத்தில் பஞ்சாரா ஹில்ஸ் மேட்டிலிருந்து இறங்கினால் அமீர்பேட். நிஜாம் காலத்தில் பைகா பிரபுக்களின் ஜாகீர். அவர்களின் அமீர்-இ-கபீர் பட்டம் இன்றும் ஊர்ப்பெயரில் நிற்கிறது. இப்போது மைத்ரிவனத்தைச் சுற்றிக் கணினிப் பயிற்சி மையங்கள், சந்துக்குச் சந்து ஹாஸ்டல்கள். மசூதி, குருத்வாரா, பக்கத்திலேயே பல்கம்பேட் எல்லம்மா கோயில் என்றிருக்கும் இந்தப் பேட்டைக்குப் பல மதத்துப் பிள்ளைகள் வேலை தேடி வந்து அறையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். வாடகை கட்டுப்படியாகாமல் சேர்ந்திருப்பதை அறம் என்று சொல்லலாமா? பயன் கருதாத அன்பல்லவா அறம்?

சொல்லலாம் என்பதே என் முடிவு. பக்தியையே எடுத்துக்கொள்ளுங்கள்: வேண்டுதலே இல்லாத பக்தியை எத்தனை பேரிடம் காண முடியும்? 1813இல் கொள்ளைநோய் பரவியபோது செய்துகொண்ட நேர்த்திக்கடனிலிருந்தே இந்நகரத்தின் போனாலு விழா தொடங்கியதாகச் சொல்வார்கள். ஆஷாட மாதத்தில் பெண்கள் வேப்பிலை கட்டிய பானையில் சோறும் வெல்லமும் தயிரும் இட்டு, மேலே விளக்கேற்றி, அந்தப் போனத்தைத் தலையில் சுமந்து வருகிறார்கள். பல்கம்பேட்டில் அம்மன் தரைமட்டத்துக்குக் கீழே, கிணற்றுக்குள் படுத்த கோலத்தில் இருக்கிறாள். அங்கே ஊறும் நீர்தான் தீர்த்தம். நோய்க்குப் பயந்து தொடங்கிய விழாவைப் போலி என்று யாரும் தள்ளுவதில்லை. பயம் தொடங்கிவைத்ததை இரண்டு நூற்றாண்டுப் பழக்கம் பக்தியாக்கிவிட்டது. கடவுளிடம் தேவையோடு போவது பக்தி என்றால், சக மனிதனோடு தேவைக்காகச் சேர்ந்து, அவன் தொழும் நேரத்தில் பாட்டை நிறுத்தவும் அவன் நோன்பை மதிக்கவும் பழகுவது அறமாகாதா?

தேவை தீர்ந்தால் இணக்கமும் தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். 1990 டிசம்பரில் இதே நகரத்தில் மதக்கலவரம் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. தலைமுறைகளாக அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர்களின் ஊரில்தான் அது நடந்தது. வலுவான மறுப்புதான். ஆனால் அருகில் இருப்பது மட்டும் போதாது என்பதைத்தான் அது காட்டுகிறது. போனமும் ஒருமுறை எடுத்ததோடு முடிவதில்லை. ஆண்டுதோறும் எடுத்தாக வேண்டும். இணக்கமும் அப்படித் திரும்பத் திரும்பச் செலுத்த வேண்டிய கடன். அதைச் செலுத்தப் பழக, முதலில் சேர்ந்திருக்க ஓர் இடம் வேண்டும். மதம் பார்த்து வீடு மறுப்பவர்கள் அந்தப் பழக்கத்தை முளையிலேயே கிள்ளுகிறார்கள். வீடு வாடகைக்கு விடுவோரே, முன்பணம் கேளுங்கள், அடையாள அட்டை கேளுங்கள், மதத்தைக் கேட்காதீர்கள்.