தொண்ணூறு யோசனை



சுந்தர காண்டம் பாராயணம் செய்கிற வீடுகள் இந்த ஊரில் எத்தனையோ இருக்கின்றன. கஷ்டம் தீரவேண்டும், பெண்ணுக்குக் கல்யாணம் கூடிவரவேண்டும், பையனுக்கு உத்தியோகம் கிடைக்கவேண்டும் என்று சங்கல்பம் செய்துகொண்டு படிக்கிறோம். நல்லது, படியுங்கள். ஆனால் அதற்குச் சில ஏடுகள் முன்னால், கிஷ்கிந்தா காண்டத்தின் கடைசியில், கடற்கரையில் ஒரு கூட்டம் நடக்கிறது. பெரும்பாலும் நாம் அதைப் புரட்டுவதில்லை. அந்தக் கூட்டம் நடந்திராவிட்டால் சுந்தர காண்டமே கிடையாது. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நிலைமை என்ன என்று பாருங்கள். சீதையைத் தேடி வர வானர அரசன் சுக்ரீவன் வானரங்களுக்குக் கொடுத்த ஒரு மாதத் தவணை முடிந்துபோயிற்று. சீதையைக் காணோம். வெறுங்கையோடு திரும்பினால் தண்டனை நிச்சயம். அங்கதனும் மற்றவர்களும் உண்ணாமல் இருந்து உயிரை விட்டுவிடுவது என்று உட்கார்ந்துவிட்டார்கள். அந்த நேரத்தில் சம்பாதி வருகிறான். ஜடாயுவின் அண்ணன். இளமையில் தம்பியோடு சூரியனை நோக்கிப் பறந்தபோது, தம்பி வெந்துபோகாமல் இருக்கத் தன் சிறகை விரித்து மறைத்தவன். அதில் சிறகு கருகிக் கீழே விழுந்தவன். வயதாகிவிட்டது, பறக்க முடியாது, பிள்ளை கொண்டுவந்து கொடுக்கிற இரையில் உயிர் வாழ்கிறான்.

அவன் வானரங்களிடம் என்ன சொல்லியிருக்கலாம்? 'நான் சிறகில்லாத கிழவன், என்னால் என்ன ஆகும்' என்று சொல்லியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் அவன், உடம்பால் முடியாததை வாக்கால் செய்கிறேன் என்கிறான். பறவைகளில் எந்த இனம் எவ்வளவு உயரம் பறக்கும் என்று வரிசையாக எடுத்துச் சொல்கிறான். கழுகுக்குப் பிறவியிலேயே தொலைதூரப் பார்வை உண்டு என்று விளக்குகிறான். 'இதோ இங்கிருந்தே பார்க்கிறேன், நூறு யோசனைக்கு அப்பால் இலங்கையில் சீதை இருக்கிறாள்' என்று சொல்லிவிடுகிறான். யோசனை என்பது அந்தக் காலத்துத் தூர அளவு. சிறகு போனது போனதுதான், கண் இருக்கிறது. இருப்பதை எடுத்துக் கொடுத்தான். வால்மீகி முனிவர் சொல்கிறபடி, பேசிக்கொண்டிருக்கும்போதே வானரங்களின் கண்ணெதிரில் அவனுக்குச் சிறகு முளைத்தது. ரிட்டையர் ஆகி வீட்டில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் இந்தச் சர்க்கத்தை ஒருமுறை நிதானமாகப் படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இடம் தெரிந்துவிட்டது. இனிமேல் கடலைத் தாண்டவேண்டும். அங்கதன் எல்லோரையும் பார்த்துக் கேட்கிறான்: உங்களில் யார் எவ்வளவு தூரம் தாண்டுவீர்கள்? இதற்கு வந்த பதில்களை நான் எத்தனை முறை படித்தாலும் மனசு அங்கேயே நின்றுவிடுகிறது. கஜன் சொல்கிறான், பத்து யோசனை. கவாட்சன், இருபது. கந்தமாதனன், ஐம்பது. மைந்தன், அறுபது. துவிவிதன், எழுபது. சுஷேணன், எண்பது. தாண்டவேண்டியதோ நூறு. நூறு வேண்டிய இடத்தில் எழுந்து நின்று 'என்னால் பத்து' என்று சொல்ல எவ்வளவு சுத்தமான மனசு வேண்டும்! நம்மில் யாராவது சொல்வோமா? பத்து தெரிந்தவன் ஒன்று வாயே திறக்கமாட்டான், இல்லை என்றால் நூறும் தெரியும் என்பான். அந்தக் கூட்டத்தில் யாரும் கூச்சப்படவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

பிறகு சாம்பவான் எழுந்திருக்கிறார். அந்தக் கூட்டத்திலேயே மூத்தவர். வாமனன் திரிவிக்கிரமனாக வளர்ந்து உலகை அளந்தபோது அந்தத் திருமேனியை வலம் வந்தவர். இளமையில் இருந்த பலம் இப்போது இல்லை, இன்றைக்கு என்னால் தொண்ணூறு யோசனை முடியும் என்கிறார். பழைய பெருமையையும் மறைக்கவில்லை, இன்றைய குறைவையும் மறைக்கவில்லை. கடைசியாக அங்கதன் பேசுகிறான். நூறு யோசனை என்னால் போகமுடியும், ஆனால் திரும்பி வருவேனா என்பது நிச்சயமில்லை என்கிறான். இளவரசன், வாலியின் மகன், படைக்கே தலைவன். அப்படிப்பட்டவன் அத்தனை பேர் நடுவில் தனக்கு எது சந்தேகம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறான்.

தன்னுடைய திறமையை அறிவது என்றால் இதுதான். கூட்டாமலும் குறைக்காமலும் அளவு சொல்லத் தெரியவேண்டும். 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று சொல்வதைப் பணிவு என்று நாம் பழகிவிட்டோம். எனக்கு அது சம்மதமில்லை. இறைவன் முப்பது வருஷ உழைப்பின் வழியாக உங்கள் கையில் ஒன்றைச் சேர்த்து வைத்திருக்கிறான். அதை இல்லை என்று சொன்னால், கொடுத்தவனையே இல்லை என்று சொன்னதாகிறது.

நேற்றுச் சொற்பொழிவு முடிந்து பிரசாதம் வாங்கிக்கொண்டு போகும்போது ஒரு அம்மா என்னிடம் நின்று பேசினார்கள். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். 'எனக்கு சாஸ்திரம் ஒன்றும் தெரியாது சாமி, ஏதோ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன், அவ்வளவுதான்' என்றார்கள். என்ன வேலை அம்மா என்று கொஞ்சம் கேட்டேன். சொல்லச் சொல்ல நான் அப்படியே நின்றுவிட்டேன். குழந்தை பிறந்த பிறகு தாயின் அடிவயிற்றில் கை வைத்துப் பார்ப்பார்களாம். கர்ப்பப்பை கெட்டியாக இறுகியிருந்தால் பயமில்லை. தளர்ந்து கிடந்தால், துணி நனைவதற்கு முன்பே உதிரப்போக்கு வரப்போகிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். உடனே வயிற்றைத் தேய்த்து இறுக வைக்கவேண்டும், டாக்டருக்கு ஆள் அனுப்பவேண்டும். புதிதாக வந்த பிள்ளைகள் குழந்தையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டு தாயை மறந்துவிடுவார்கள், அவர்களிடம் 'முதலில் கையை வயிற்றில் வை' என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டை போயிற்று என்றார்கள்.

அன்பர்களே, இது ஒன்றும் தெரியாதவர்கள் பேசுகிற பேச்சா? எத்தனை தாய்மார்களின் உயிர் அந்தக் கையில் இருந்திருக்கிறது! அந்த அம்மாவிடம் இதைச் சொல்ல இத்தனை வருஷமாக ஒரு சாம்பவான் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏனென்றால் சொல்லவேண்டும். ஒருவர் எடுத்துச் சொல்லவேண்டும். அந்தக் கடற்கரையில் இத்தனை பேரும் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது அனுமன் எங்கே இருந்தான்? பேசாமல், ஒதுங்கி, தனியாக உட்கார்ந்திருந்தான். சிறு வயதில் ரிஷிகளின் ஆசிரமங்களில் செய்த குறும்பினால், யாராவது நினைவூட்டும் வரை உன் பலம் உனக்குத் தெரியாமல் போகட்டும் என்று சாபம் பெற்றவன் என்று உத்தர காண்டம் சொல்கிறது. சாம்பவான் அவன் அருகில் போகிறார். போய் என்ன செய்தார்? 'நீ பெரிய வீரன், உன்னால் எல்லாம் முடியும்' என்று முகஸ்துதி பேசவில்லை. நடந்ததைச் சொல்கிறார். நீ அஞ்சனையின் பிள்ளை. வாயுவின் அருளால் பிறந்தவன். குழந்தையாக இருந்தபோது சூரியனைப் பழம் என்று நினைத்துப் பாய்ந்தாய். இந்திரனின் வஜ்ராயுதம் உன் தாடையில் பட்டது. தேவர்கள் உனக்கு இன்னின்ன வரம் கொடுத்தார்கள். இப்படி ஒவ்வொன்றாக, சாட்சி சொல்வதுபோலச் சொல்கிறார். பிள்ளைகளை உற்சாகப்படுத்த நினைக்கிற தாய்தகப்பன்மார்கள், ஆசிரியர்கள், அதிகாரிகள் எல்லோரும் இதைக் கவனிக்கவேண்டும். வெறும் புகழ்ச்சி காதோடு போய்விடும். அவர்கள் செய்த ஒரு காரியத்தை, தேதியோடும் இடத்தோடும் சொல்லிக்காட்டினால்தான் உள்ளே போய் வேலை செய்யும்.

அதற்குப் பிறகு அனுமன் பேசுகிறான் பாருங்கள். அடக்கத்துக்கே உருவம் என்று நாம் கும்பிடுகிற ஆஞ்சநேய சுவாமி, தன் பலத்தைத் தன் வாயாலேயே விரிவாகச் சொல்கிறார். மேருவை ஆயிரம் முறை சுற்றி வருவேன் என்கிறார். கேட்ட வானரங்களுக்குத் துக்கம் நீங்கிற்று. அதற்காகத்தான் சொன்னார். எதிரே இருப்பவரின் பயம் தீருவதற்காகத் தன் திறமையைச் சொல்வது தற்பெருமை ஆகாது. ஆபரேஷனுக்கு முன்னால் நடுங்கிக்கொண்டிருக்கிற நோயாளியிடம், 'கவலைப்படாதீர்கள், இதை நான் பலமுறை செய்திருக்கிறேன்' என்று டாக்டர் சொன்னால் அது தருமம்.

இனி, தெரிந்ததைக் கொடுப்பது. இதற்கு நம் கும்பகோணத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1880ஆம் ஆண்டு. அங்கே அரசாங்கக் கல்லூரியில் தியாகராச செட்டியார் என்ற தமிழாசிரியர் இருந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். உடல்நிலை சரியில்லாமல் வேலையை விட முடிவு செய்தபோது, அதே ஆசிரியரிடம் படித்த ஓர் இளைஞரைத் திருவாவடுதுறை மடத்திலிருந்து வரவழைத்துத் தன் இடத்தில் அமர்த்தினார். அந்த இளைஞருக்கு அப்போது 25 வயது. அவர்தான் உ.வே. சாமிநாதையர்.

அதே ஆண்டில் சேலம் இராமசுவாமி முதலியார் என்கிற முன்சீப்பை ஐயர் சந்திக்கிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம் என்று அடுக்குகிறார். முதலியாருக்கு அது போதவில்லை. சீவக சிந்தாமணி படித்தது உண்டா என்கிறார். இல்லை. பிறகு அவரே ஒரு பிரதியைக் கொடுக்கிறார். பிரித்துப் படித்தால் புரியவில்லை. அது சமண நூல். சைவ மடத்தில் படித்தவருக்கு அந்தச் சமயத்தின் கொள்கையும் வழக்கும் எப்படித் தெரியும்?

ஐயர் அதே ஊரில் இருந்த சமணர் வீட்டு வாசலுக்குப் போனார். போனால், உலகம் மறந்துவிட்டது என்று நினைத்த நூலை அவர்கள் வீட்டில் பக்தியோடு படித்துக்கொண்டிருக்கிறார்கள்! அதைப் படித்து நிறைவு செய்வதை ஒரு விழாவாகவே கொண்டாடுகிறார்கள். அந்த இல்லத்தார் ஐயருக்கு ஒவ்வொரு சந்தேகத்தையும் தீர்த்துவைத்தார்கள். கல்லூரி வாத்தியாருக்கு நாம் என்ன சொல்லிக்கொடுப்பது என்று ஒதுங்கவில்லை. வேற்று மதத்துக்காரருக்கு நம் நூலை ஏன் சொல்லவேண்டும் என்றும் மறைக்கவில்லை. 1887இல் சிந்தாமணி அச்சேறியது. பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று ஒவ்வொன்றாக வந்தன. ஐயரைத் தமிழ்த் தாத்தா என்று கொண்டாடுகிறோம், கொண்டாடவேண்டும். அந்தக் கும்பகோணத்துச் சமண வீடுகளையும் அந்த நேரத்தில் நினைத்துக் கும்பிடவேண்டும் என்பது என் விண்ணப்பம்.

சொல்லிக்கொடுத்தால் நம் பிழைப்பு போய்விடுமே என்று ஒரு பயம் இருக்கிறது. வைத்தியத்தில் இது நிறைய உண்டு. மருந்தின் செய்முறையில் ஒரு பக்குவத்தை மட்டும் பிள்ளைக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருந்து, அப்படியே கண்ணை மூடிய பெரியவர்களைப் பற்றி ஊர் ஊருக்குச் சொல்வார்கள். பிழைப்பைப் பற்றிய பயத்தை நான் குறைவாகப் பேசமாட்டேன். கூலி வாங்குங்கள், தட்சிணை வாங்குங்கள், உழைப்புக்கு விலை உண்டு. ஆனால் சொல்லாமல் செத்துப்போகாதீர்கள். சொல்வன்மை அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர், கற்றதைப் பிறர் உணரும்படி விரித்துச் சொல்லத் தெரியாதவர்களைக் கொத்தாகப் பூத்தும் மணம் இல்லாத மலருக்கு ஒப்பிடுகிறார். பூத்தது பொய் என்று அவர் சொல்லவில்லை. பூத்தும் பயன்படவில்லையே என்று வருந்துகிறார்.

திருக்கோஷ்டியூரில் இராமானுசர் கோபுரத்தின்மேல் ஏறி மந்திரப் பொருளை எல்லோருக்கும் சொன்ன வரலாறு உங்களுக்குத் தெரியும், அதை விரிக்கப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். பதினேழு முறை குருவான திருக்கோஷ்டியூர் நம்பி அவரைத் திருப்பி அனுப்பினார் என்பது சம்பிரதாயம். பதினெட்டாம் முறைதான் பொருள் கிடைத்தது. அத்தனை பாடுபட்டுப் பெற்றவர், மற்றவர்களும் அந்தப் பாடு படட்டும் என்று நினைக்கவில்லை. நாம் பட்ட கஷ்டத்தையெல்லாம் புதிதாக வருகிற பிள்ளைகளும் படட்டும் என்று நம் ஆபீஸ்களில், ஒர்க்‌ஷாப்புகளில் எவ்வளவு பேர் நினைக்கிறோம்! வெல்டிங் கற்கிற ஒரு பையன் கண் எரிச்சலோடு மாதக்கணக்கில் தடுமாறுவதை, பக்கத்தில் நிற்கிற மேஸ்திரி ஒரு வார்த்தையில் தீர்த்துவிடலாம். தீர்க்கமாட்டேன் என்று நிற்பதற்குப் பெயர் அனுபவம் இல்லை, கல்நெஞ்சம்.

இங்கே வந்திருப்பவர்களில் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறீர்கள், கணக்கு எழுதுகிறவர்கள் இருக்கிறீர்கள், தையல்காரர்கள், ஆசிரியர்கள், பஸ் ஓட்டுநர்கள், விவசாயிகள், வீட்டில் இத்தனை வருஷம் சமைத்துப் போட்டு நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட தாய்மார்கள் இருக்கிறீர்கள். உங்கள் தொழிலில் உங்களுக்கு எத்தனை யோசனை தெரியும்? பத்தா, ஐம்பதா, தொண்ணூறா? உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். எது தெரியாது என்பதையும் அங்கதனைப் போலச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோயில் நிர்வாகத்தாரிடம் இன்று காலையில் பேசினேன். இந்த மண்டபம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பூட்டித்தான் கிடக்கிறது, தாராளமாகத் திறந்து தருகிறோம் என்றார்கள். அந்த நர்ஸ் அம்மா, ஊரிலுள்ள இளம் தாய்மார்களுக்கும் அவர்கள் மாமியார்களுக்கும் பிரசவத்துக்குப் பிறகு கவனிக்கவேண்டியதைச் சொல்ல வருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மற்றவர்களும் வாருங்கள். பேசத் தெரியவேண்டும் என்று இல்லை; செய்து காட்டினாலும் போதும். வர விருப்பம் உள்ளவர்கள் போகும்போது வாசலில் அர்ச்சனைச் சீட்டு கொடுக்கிறவரிடம் உங்கள் பெயரையும், என்ன தெரியும் என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். உங்கள் பக்கத்தில் இருப்பவர் எழுதக் கூச்சப்பட்டால், அவருக்கு என்ன தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் எழுதிக் கொடுங்கள்.